கழற்றும் நாளுக்கான திருகாணி

பர்னபியில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறம், குசினிக் கதவைத் திறந்ததும் கால் வைக்கிற இடத்தில், சிடார்ப் பலகை அடித்த ஒரு தளம் இருந்தது. இங்கே அதை டெக் என்பார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். கோடை வந்தால் சாப்பாடு, கதை, பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம் அதன் மேல்தான். ஒக்டோபரில் மழை பிடித்தால் மார்ச் வரைக்கும் அந்தப் பலகைகள் முழுதாகக் காய்வதில்லை. நாங்கள் குடிபோனபோதே நடந்தால் ஆடியது. ஆணித் தலைகள் பலகைக்கு மேலே எழும்பி நின்றன. சின்னவளின் உள்ளங்காலை ஒன்று கிழித்ததும், பிரித்துப் புதிதாகக் கட்டுவதென்று முடிவெடுத்தோம்.

உதவிக்கு வந்தவர் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெரியவர். யாழ்ப்பாணத்தில் தகப்பனிடம் தச்சு வேலை பழகி, கனடாவுக்கு வந்தபிறகும் ஓய்வு பெறும்வரை வீடு கட்டும் வேலையிலேயே இருந்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வந்த அன்று தளத்தைச் சுற்றி நடந்து பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு மூலையில் குந்தியிருந்து ஆணிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, மரம் சாகேல்லை. ஆணிதான் செத்துப்போச்சு," என்றார்.

கழற்றத் தொடங்கியதும் அவர் சொன்னது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. பலகைக்கு அடியில் ஆணிபிடுங்கியைக் கொடுத்து நெம்பினால் ஆணி அசையாது. பலகை நீளவாக்கில் பிளந்துவிடும். சில ஆணிகளின் தலை மட்டும் கழன்று வரும், உடல் அடியிலுள்ள சட்டத்துக்குள்ளேயே நிற்கும். முழுதாக வந்த ஒன்றை அண்ணை என் உள்ளங்கையில் வைத்தார். தலைக்குக் கீழே கறள் தடித்துச் செதில் செதிலாக நின்றது. சட்டத்துக்குள் ஆழப் புதைந்திருந்த நுனிப் பக்கம் இன்னும் சாம்பல் நிறத்தில் ஓரளவு நன்றாகவே இருந்தது. பலகையும் சட்டமும் ஒன்றோடொன்று முட்டுகிற அந்த இடத்தில் மட்டும் ஆணி குண்டூசி அளவுக்கு இளைத்திருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி வெளியேற வழியில்லாமல் தங்குவது அந்த இடுக்கில்தான். பலகைகளை அத்தனை காலமும் சட்டத்தோடு பிடித்துவைத்திருந்தது அந்த இளைத்த இடைதான் என்று நினைக்க எனக்கு வயிறு கலங்கியது.

பலகையின் கதை வேறு. ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மரத்தின் ரேகையோடு கறுப்பாக ஒரு கீற்று ஓடியிருந்தது. மேலே வெயிலிலும் மழையிலும் வெளிறிய சாம்பல் நிறம். அண்ணை அந்தப் பலகையைக் குறுக்கே அறுத்துக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பும் தவிட்டு நிறமும் கலந்த வைரம் அப்படியே இருந்தது. சிடாரின் அந்தக் காரமான வாசம் புதுப் பலகையை அறுத்ததுபோல் எழுந்தது. இன்னும் பல வருஷம் உழைத்திருக்கக்கூடிய மரம். அதை முழுதாக எடுக்க முடியாமல் துண்டு துண்டாகக் குப்பைத் தொட்டிக்குள் போட்டோம். எனக்கு அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

மேற்குச் சிவப்புச் சிடார் என்று சொல்லப்படும் இந்த மரம் இமயத்துத் தேவதாருவின் இனம் அல்ல. சைப்பிரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் தூஜா பிளிக்காட்டா என்பார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மாகாண மரம் இதுதான். இதன் வைரத்தில் தூஜாப்பிளிசின் என்ற பொருள் இருக்கிறது. மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைகளை அது அண்டவிடாது. வேறு மருந்தடிக்காமலே வெளியில் மழையில் கிடக்க இந்த மரத்தால் முடிகிறதென்றால் அதனால்தான். ஆனால் அதே வைரத்தில் ஈரம் பட்டால் கரைந்து வருகிற துவர்ப்புப் பொருள்களும் இருக்கின்றன. மரத்துக்கு ஓர் அமிலத் தன்மையும் உண்டு. இரும்பைக் கண்டால் அவை சும்மா இருப்பதில்லை. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்து எழுதுவதற்கு மை காய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அழியாத கறுப்பு. சிடார்ப் பலகையில் ஆணியைச் சுற்றி நடப்பதும் அதே வேலைதான். ஒக்சாலிக் அமிலம் கலந்த திராவகத்தைப் பூசித் தேய்த்தால் அந்தக் கறுப்புப் போகும். உள்ளே அதே ஆணி இருக்கும்வரை அடுத்த மழையோடு திரும்பவும் வரும்.

எங்கள் பழைய தளத்தில் அடித்திருந்தது மின்முறையில் மெல்லிதாகத் துத்தநாகம் ஏற்றிய ஆணி. கடையில் புதிதாய்ப் பளபளவென்று இருக்கும். அந்தப் பூச்சு வீட்டுக்குள் அலமாரி செய்யப் போதும். மழையில் நிற்கிற சிடாருக்குப் போதாது. யார் அடித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துதான் அடித்தாரோ தெரியாமல் அடித்தாரோ, நல்ல மரத்துக்குக் காசைக் கொட்டிய அந்த முந்திய வீட்டுக்காரருக்காக எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது.

புதுத் தளம் பன்னிரண்டு அடிக்குப் பதினாறு அடி. பலகை வாங்கப் போனபோது எத்தனை பேர் எத்தனை யோசனை சொன்னார்கள்! கணு உள்ளதா இல்லாததா, எந்தத் தரம், எண்ணெய் பூசுவதா விடுவதா என்று ஒரே பேச்சு. திருகாணி வாங்குகிற வரிசைக்கு வந்தால், விலையைப் பார்த்து ஒரு பெட்டியைத் தூக்கிக் கூடைக்குள் போட்டுவிட்டுப் போகிறார்கள். நான் அந்த வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம்.

ஆணியா திருகாணியா என்பதில் அண்ணைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மரம் ஈரத்தில் பருத்து வெயிலில் சுருங்கும். ஒவ்வொரு தடவையும் மொட்டை ஆணி கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளப்படும். முறுக்கு ஆணி அதைவிட நன்றாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அதைப் பிடுங்குவதென்றால் பலகையை உடைத்துத்தான் பிடுங்க வேண்டும். திருகாணி பிடிக்கவும் பிடிக்கும், கேட்டால் விடவும் விடும். சிடாரைப்போல மென்மையான மரத்துக்கு இந்த இரண்டாவது குணம் பெரிய விஷயம். நகத்தால் அழுத்தினாலே பதிகிற மரம் அது.

பலகைக்கு மேலே தலை தெரியாமல், பக்கவாட்டில் கிளிப் கொடுத்துப் பூட்டுகிற முறைகளும் உண்டு. பார்க்க மிக அழகு. ஆனால் நடுவில் ஒரு பலகை பழுதானால் அதை மட்டும் தனியாக எடுப்பது பெரும்பாடு. நாங்கள் அதை வேண்டாமென்று விட்டோம்.

திருகாணி என்று முடிவானபிறகு எந்த உலோகம் என்ற கேள்வி. கடையில் பச்சை, தவிட்டு நிறம் என்று பூச்சுப் பூசிய திருகாணிகள் வாளி வாளியாக இருந்தன. உள்ளே கடினமாக்கிய சாதாரண உருக்கு. வெளியே ஒரு தோல். வேகமாகத் திருகும்போது தலைக் குழியில் அந்தத் தோல் உரிந்துவிடும் என்பதுதான் எனக்கு இருந்த பயம். பிறகு கறுப்புக் கீற்று அங்கிருந்துதானே தொடங்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தவை இன்னொரு வகை. பூச்சுத் தடிப்பானது, நம்பிக்கையானது. சட்டங்களுக்கும் தாங்கிகளுக்கும் அதுவே சரி. ஆனால் வெளியே தெரிகிற சிடார்ப் பலகையில், காலப்போக்கில் துத்தநாகம் கரைந்தபின் அதுவும் கறுக்கும். மிஞ்சியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

அதிலும் வகை இருக்கிறது. பெட்டியில் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, எண்ணைத் தேட வேண்டும். 304, 305 என்பவற்றில் குரோமியத்தோடு நிக்கலும் தாராளமாக இருக்கும். 316இல் மொலிப்டினமும் சேர்ந்திருப்பதால் கடல் உப்பைத் தாங்கும். 410 என்று ஒன்று இருக்கிறது: நிக்கல் மிகக் குறைவு, கடினமானது, சீக்கிரம் திருகலாம், மலிவு, ஆனால் கறளை எதிர்ப்பதில் மற்றவற்றுக்குக் கிட்டவும் வராது. அண்ணை சட்டைப் பையிலிருந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். 410 பெட்டியிலிருந்த மாதிரித் திருகாணி டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது. 305 அசையவே இல்லை. 304 தயாரிக்கும்போது அடிபடுவதால் சிலவேளை இலேசாக இழுபடும். ஆனால் 410 தாவுகிற தாவலோடு அதை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் வீடு கடலிலிருந்து தள்ளி மேட்டில் இருக்கிறது. 305 போதும் என்று எடுத்தோம். டீப் கோவ் பக்கம், உப்புக் காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் வீடு இருந்திருந்தால் யோசிக்காமல் 316தான். அண்ணை கடற்கரை ஊரில் பிறந்தவர். "உப்புக் காத்து என்ன செய்யுமெண்டு எங்களுக்கு ஆர் சொல்லித்தர வேணும்? யன்னல் கம்பியைப் பார்த்து வளந்த ஆக்கள்," என்றார்.

விலை பூச்சுத் திருகாணியைவிட இரட்டிப்புக்கும் மேல். எத்தனை வேண்டும் என்று கடைக்காரப் பெண் கணக்குப் போட்டுக் காட்டினாள். சட்டங்கள் பதினாறு அங்குலத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு சட்டத்தைக் கடக்கிற இடத்தில் இரண்டு. நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 350 திருகாணி வரும். எங்கள் தளத்துக்கு 700க்குக் கிட்ட. அந்தக் கூடுதல் காசைப் பலகைகளின் மொத்த விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு பேச்சே இல்லை.

நீளமும் அங்கேயே முடிவானது. ஒரு அங்குலத் தடிப்புப் பலகைக்கு இரண்டரை அங்குலம், ஒன்றரை அங்குலப் பலகைக்கு மூன்று அங்குலம். எங்களுடையது முதல் வகை. பருமன் பத்தாம் எண்.

தலைக்குழி சதுரமாக இருக்க வேண்டும் என்பதில் அண்ணை பிடிவாதமாக நின்றார். இது கனடாவின் சொத்து. ஒன்ராறியோவின் மில்டனில் பீற்றர் ராபர்ட்சன் என்பவர் 1908இல் ஆலை வைத்து, 1909இல் காப்புரிமை பெற்ற வடிவம். கீற்றுத் தலைத் திருகாணியில் திருப்புளி வழுக்கிக் கையைக் கிழித்ததிலிருந்துதான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். கனடாவில் மொடல் டி கார் செய்த ஃபோர்ட் நிறுவனம் இதை விரும்பிப் பயன்படுத்தியது. ஆனால் தயாரிப்பின் கட்டுப்பாட்டை ஃபோர்ட் கேட்டபோது ராபர்ட்சன் கொடுக்க மறுத்துவிட்டார். அமெரிக்காவில் இது பரவாமல் போனதற்கு அதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இங்கே எந்தத் தச்சனின் பையிலும் சிவப்புப் பிடி போட்ட சதுரத் திருப்புளி இருக்கும். எட்டு முதல் பத்தாம் எண் வரையான திருகாணிக்கு அந்தச் சிவப்புத்தான். ஸ்டெயின்லெஸ் திருகாணியைக் காந்த முனை பிடிக்காதல்லவா? சதுரக் குழிக்கு அந்தக் கவலையே இல்லை. முனையில் குத்தித் தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் நிற்கும். பல வருஷம் கழித்து, அழுக்கைக் குத்தியெடுத்துவிட்டு அதே முனையை வைத்தால் திரும்பவும் கவ்வும். நட்சத்திரக் குழியும் நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். பிலிப்ஸ் தலையை மட்டும் தளத்துக்கு யாரும் வாங்க வேண்டாம்.

அடியில் வருகிற சட்டங்கள் சிடார் அல்ல, மருந்தேற்றிய மரம். இங்கேதான் பலர் பழைய நினைப்பில் இருக்கிறார்கள். முன்பெல்லாம் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றினார்கள். 2003 முடிவோடு வட அமெரிக்காவில் வீட்டு வேலைகளுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது வருவதில் செம்பு அதிகம். செம்பு இரும்பை அரிக்கும். பழைய மருந்தைவிடக் கடுமையாகவே அரிக்கும். ஆக, ஒரே திருகாணியின் மேல் பாதி சிடாரின் துவர்ப்பிலும் கீழ்ப் பாதி செம்பிலும் நிற்கிறது. என் உள்ளங்கையில் அண்ணை வைத்த ஆணியின் இடை ஏன் அப்படி இளைத்தது என்பது இதைக் கேட்டபிறகு எனக்கு இன்னும் தெளிவானது.

சட்டங்களைத் தாங்கும் இரும்புத் தொட்டில்கள் துத்தநாகத்தில் முக்கி எடுத்தவை. அவற்றுக்கு அதே துத்தநாக ஆணிகளை மட்டுமே அடித்தோம். ஸ்டெயின்லெஸ் ஆணியை அங்கே கொண்டுபோய் அடித்தால் இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒன்றையொன்று பகைத்து, துத்தநாகம் முதலில் கரையும். தளத் திருகாணியையும் அந்தத் தொட்டிலுக்குப் போடக் கூடாது. குறுக்கே வரும் பாரத்துக்கு அது முறிந்துவிடும். இன்னும் பெரிய விஷயம், வீட்டுச் சுவரோடு தளத்தைப் பிணைக்கும் பலகை. இடிந்து விழுந்த தளங்களின் கதையைக் கேட்டால், அநேகமாக அந்தப் பலகையை வெறும் ஆணியால் சுவரில் அடித்திருப்பார்கள். நாங்கள் அரை அங்குலப் போல்ட் போட்டோம். நகரசபையின் பரிசோதகர் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நாள்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். இந்தக் கரையோரத்து ஆதிக்குடிகள் சிடாரில் செய்த பெட்டிகள் அங்கே இருக்கின்றன. ஒரே பலகையை எடுத்து, மூன்று இடங்களில் குறுக்கே காடி வெட்டி, நீராவியில் பதப்படுத்தி மடக்குவார்கள். நாலாவது மூலையில் மட்டும்தான் பொருத்து. அதை மரமுளையால் பூட்டியிருப்பார்கள், அல்லது வேரால் தைத்திருப்பார்கள். இரும்பு இல்லை. முளையைச் சுற்றி எங்காவது கறுப்புக் கீற்று ஓடுகிறதா என்று கண்ணாடிக்கு மூக்கை வைத்துத் தேடினேன், இல்லை. நிற்கிற மரத்தை வெட்டாமல் அதிலிருந்து பலகையை மட்டும் உரித்தெடுத்த மக்கள் அவர்கள். அப்படி உரித்த தழும்போடு இன்னும் உயிரோடு நிற்கிற சிடார்கள் இந்தக் காடுகளில் உண்டு. இந்த மரம் ஆயிரம் வருஷம் தாண்டியும் வாழக்கூடியது. பிரிப்பதையும் பூட்டுவதையும் பற்றி அத்தனை அக்கறையோடு யோசித்தவர்களின் நிலத்தில், அதே மரத்தை ஒரு மலிவு ஆணியால் பாழாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பலகை பூட்டிய நாள்களில் வேகத்தை அண்ணை அனுமதிக்கவில்லை. நான் இம்பாக்ட் டிரைவரைக் கையிலெடுத்தேன். அது தட்டித் தட்டித் திருகும் கருவி. மென்மையான சிடாருக்குள் தலையைக் கால் அங்குலம் புதைத்துவிடும். புதைந்த குழியில் மழைத்தண்ணீர் தேங்கும். "உதை அங்காலை வையும்," என்று சொல்லி, பிடியிறுக்கத்தைக் குறைத்து வைக்கக்கூடிய சாதாரண டிரில்லைத் தந்தார். தலையின் மேல்பரப்பு பலகையின் மேல்பரப்போடு சமமாக வந்ததும் அது தானாக நழுவி நிற்கும். விரலால் தடவினால் தலையும் தெரியக் கூடாது, குழியும் தெரியக் கூடாது. அதுதான் அவருடைய அளவுகோல்.

பலகையின் இரண்டு முனைகளிலும் முதலில் துளை போட்டோம். விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே. துளை போடாமல் முனையில் திருகினால் சிடார் உடனே பிளக்காவிட்டாலும் பிறகு வெயிலில் வாயைத் திறக்கும். துளைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஸ்டெயின்லெஸ் கடின உருக்கைப்போல் உறுதியானதல்ல. மருந்தேற்றிய மரத்துக்குள் இறங்கும்போது அவசரப்பட்டால் கழுத்து முறிந்துவிடும். மெதுவாகப் போனால் முறியாது. சிடாரின் தூள் மூச்சுக்கு ஆகாது என்பதால் அறுக்கும்போதும் துளைக்கும்போதும் இரண்டு பேரும் முகமூடி போட்டிருந்தோம். இந்த மரத்தோடு காலம் முழுதும் வேலை செய்கிறவர்களுக்கு ஆஸ்துமா வருவது மருத்துவர்கள் நன்கறிந்த நோய்.

வரிசை வளைகிறதா என்று அண்ணை ஒரு நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். திருகாணித் தலைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேர்கோட்டில் போயின. அந்தத் தளத்தில் இப்போது பல மழைக்காலம் போய்விட்டது. பலகை சாம்பல் நிறமாகிவிட்டது. நான் அதை அப்படியே விட்டிருக்கிறேன், எனக்கு அந்த நிறம் பிடிக்கும். திருகாணிகளைச் சுற்றிக் கறுப்பில்லை. போன வருஷம் ஒரு பலகையில் வெடிப்பு வந்தது. சிவப்பு முனையை வைத்துத் திருப்பினேன்; ஒவ்வொன்றும் முனகாமல் வந்தது. பலகையை மாற்றிவிட்டு அதே திருகாணிகளையே திரும்பவும் போட்டேன்.

சிடாரில் தளம் கட்டப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் மீந்த திருகாணிகளை எறியாதீர்கள். ஒரு போத்தலில் போட்டு, எந்த வகை, எந்த நீளம், எந்த முனை என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். வீட்டை விற்றால் சாவியோடு சேர்த்து அந்தப் போத்தலையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.